எட்டுக் கோடை பார்த்த பிவிசி பைப்

ஒத்தக்கடைப் பக்கம் வீடு கட்டிக் குடிபோனது 2018 தை மாதம். மீட்டர் போர்டில் இருந்து பின்பக்கம் போர் மோட்டார் வரை, மேற்குச் சுவரின் வெளியே 14 மீட்டருக்கு வயர் போகும் 25 எம்எம் சாம்பல் நிற பிவிசி கண்டியூட் பைப் ஓடுகிறது. எல்லா கப்ளிங்கும் சொல்யூஷன் போட்டு ஒட்டியது, இரண்டு முனையும் ஜங்ஷன் பாக்ஸோடு ஒட்டியது. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது, வந்தவர்களிடம் எல்லாம் காட்டினேன்.

சித்திரையில் அது சாரைப்பாம்பு மாதிரி நெளிந்துவிட்டது. பைப்பைச் சுவரோடு பிடிக்கும் சாடில் கிளிப்புகளில் இரண்டு ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்தன. எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். "பைப்பு நீளம் ஜாஸ்திண்ணே, அதான்" என்று கத்திரி வெயில் உச்சியில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, புழுதியைக்கூடத் துடைக்காமல் திரும்ப ஒட்டினார். மறுபடி நேர்கோடு. நானும் காசு கொடுத்து அனுப்பினேன்.

கார்த்திகை மழையில் மோட்டார் போட்டால் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச், ட்ரிப் ஆனது. போய்ப் பார்த்தால் பைப் பாக்ஸை விட்டு ஒரு விரல்கடை வெளியே வந்து நிற்கிறது. வெட்டிய விளிம்பில் உரசி வயரின் தோல் உரிந்திருந்தது. வெயிலில் நீண்டிருந்த பைப்பை வெட்டினால் குளிரில் குறையாமல் என்ன செய்யும்?

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். பிவிசி ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்குச் சுமார் 0.06 மில்லிமீட்டர் நீளும். இரும்பு அதில் ஐந்தில் ஒரு பங்குதான். ஏசி வேலை பார்க்கும் மச்சினன் லேசர் தெர்மாமீட்டரால் பார்த்தபோது மே மாத மூன்று மணி வெயிலில் பைப் 58 டிகிரி காட்டியது. தை மாத விடிகாலை 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். 14 பெருக்கல் 38 பெருக்கல் 0.06: கிட்டத்தட்ட 32 மில்லிமீட்டர், ஒன்றேகால் அங்குலம். அமெரிக்க வயரிங் விதியில் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீளும் என்றாலே எக்ஸ்பான்ஷன் ஃபிட்டிங், அதாவது பைப் நீளவும் குறையவும் இடம் தரும் இணைப்பு, வேண்டும் என்று இருக்கிறது. நான் கேட்ட கடைகளில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

2019 பிப்ரவரியில் நாங்களே செய்தோம். நடுவில் அறுத்து, ஒரு சாண் நீள 32 எம்எம் பைப் துண்டை உறை மாதிரி, ஸ்லீவாகப் போட்டோம். ஒரு பக்கம் ரெட்யூசரில் (பெரிய பைப்பைச் சின்ன பைப்போடு சேர்க்கும் இணைப்பு) ஒட்டியது, மறுபக்கப் பைப் ஒட்டாமல் உள்ளே சும்மா நுழைந்து நிற்கும். காலை ஏழு மணிக்கு, பைப் குறுகியிருக்கும்போது வைத்தோம். அதனால் மேலும் நாலு சென்டிமீட்டர் உள்ளே போக இடம் விட்டோம். மத்தியானம் வைத்திருந்தால் அந்த இடத்தைக் குறைத்து, உள்ளே நுழையும் நீளத்தைக் கூட்டியிருக்க வேண்டும். சாடில்களைக் கைக்குப் பைப் வழுக்கும் அளவுக்குத் தளர்த்தினோம். இதுதான் முக்கியம், சாடில் இறுகினால் ஸ்லீவ் இருந்தும் பிரயோஜனமில்லை. வயரையும் இரண்டு பாக்ஸிலும் ஒரு வளையம் தளர்வாக விட்டோம்.

வெயிலில் பிவிசி நொறுங்கும் என்பதால் பைப்புக்கு வெள்ளை எமல்ஷனும் அடித்தோம். சூடும் பத்து டிகிரி போலக் குறைந்தது, நெளிவு இல்லவே இல்லை.

குறை இல்லாமல் இல்லை. ஸ்லீவ் வாய் திறந்திருப்பதால் மழை போகக் கூடாதென்று சைக்கிள் ட்யூப் துண்டை மாட்டி, ஒட்டிய பக்கம் மட்டும் கம்பியால் கட்டினேன். இரண்டு வருடத்தில் அது வெடித்துவிடுகிறது, மூன்றாவது துண்டு இப்போது ஓடுகிறது. 2022ல் கட்டெறும்பு உள்ளே புகுந்து பாக்ஸில் கூடு வைத்தது. அன்று கடிபட்ட கை இரண்டு நாள் வீங்கியிருந்தது.

ஸ்லீவ் விளிம்பு நிற்கிற இடத்தில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். இந்த 2025 தை விடிகாலைக் கோட்டுக்கும் மே மாத மூன்று மணிக் கோட்டுக்கும் நடுவே ஸ்கேல் வைத்தால் இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு நூல் (சுமார் 3 மில்லிமீட்டர்) கூட. வெள்ளை அடித்துச் சூடு குறைந்ததால் கணக்குப் போட்ட 32 மில்லிமீட்டர் வரவில்லை. பின்பக்க சந்தில் இதேபோல இன்னொரு ஆறு மீட்டர் ஓட்டம் ஒட்டியபடியே கிடக்கிறது. அது நிழலில் இருப்பதால் இன்னும் தொடவில்லை.