பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) கேம் கன்சோலுக்கு ஆக்சஸரீஸ் வாங்கப் போகிறீர்களா? என் 18,500 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் "போகட்டும் விடு" என்று எனக்கே தோன்றிவிடும். வீட்டில் ஏற்கெனவே அதைத்தான் சொல்கிறார்கள். 18,500 ரூபாய் போகட்டும் என்று விடுகிற தொகையா?

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கோவையில் கேமிங் பொருட்களுக்கென்றே உள்ள கடை. கண்ணாடிக் கதவு, உள்ளே நீலமும் ஊதாவுமாக எல்இடி விளக்கு, சுவர் நிறைய ஹெட்செட், தினம் ஒரு ரீல்ஸ். இந்த மாதிரி இப்போது எல்லா ஊரிலும் இரண்டு மூன்று இருக்கிறது. பெயரை விட, ஏமாற்றிய விதம் தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம். கடைசியில், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் விவரமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது முதலில் வந்த மாடல் பிளேஸ்டேஷன் 5. 825 ஜிபி என்பார்கள், நம் கைக்கு வருவது 667 ஜிபி. பெரிய கேம் நாலைந்து ஏற்றினால் முடிந்தது, புதிதாக ஒன்று போட வேண்டுமென்றால் பழையது ஒன்றை அழிக்க வேண்டும். அதனால் கேம்களைச் சேமிக்கக் கூடுதலாக ஒரு எஸ்எஸ்டி, அதாவது வேகமான சேமிப்பு அட்டை, வேண்டும். வாரக் கடைசியில் தம்பி வருவான், அவனுக்கு இரண்டாவது கன்ட்ரோலர். பாப்பா தூங்கிய பிறகுதான் எனக்கு விளையாட நேரம் கிடைக்கும், டிவியில் சத்தம் வைக்க முடியாது, அதனால் வயர் இல்லாத ஹெட்செட், மைக்கோடு. இந்த மூன்றும்தான்.

ஆன்லைனில் வாங்கினால் போலி வருமோ என்று பயந்துதான் நேரில் போனேன். இதை நினைத்தால்தான் இன்னும் எரிகிறது.

அந்தக் கடைக்காரருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். நான் உள்ளே போனதும் எதையும் எடுத்து நீட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அக்கா, முதல்ல என்ன கேம் ஆடுவீங்க, எப்ப ஆடுவீங்க, அதைச் சொல்லுங்க. தேவை தெரியாம பொருள் குடுத்தா நாளைக்கு நீங்கதான் திட்டுவீங்க" என்றார். ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார். டிவி எத்தனை இன்ச், சோபாவிலிருந்து டிவி எவ்வளவு தூரம், கை சின்னதா பெரியதா, கண்ணாடி போடுவீர்களா. கண்ணாடி போடுபவர்களுக்கு ஹெட்செட் குஷன் இறுக்கமாக இருந்தால் காதோரம் வலிக்கும் என்று அவரே விளக்கினார், அது உண்மையும்தான். இடையில் நான் விலை உயர்ந்த ஒரு கன்ட்ரோலரைக் கையில் எடுத்தபோது, "அது வேண்டாம் அக்கா, உங்களுக்கு அது வீண் செலவு" என்று வாங்கித் திரும்ப மாட்டினார். விற்க வேண்டிய ஆளே வேண்டாம் என்றால் யார்தான் நம்ப மாட்டார்கள்? அந்த நிமிடத்தில் என் 18,500 ரூபாயும் அவர் பைக்குள் போய்விட்டது. பணம் அனுப்பியதெல்லாம் அப்புறம் நடந்த சடங்கு.

கன்ட்ரோலர் 5,400, ஹெட்செட் 5,200, 1 டிபி எஸ்எஸ்டி 7,900. மூன்றுக்கும் "பிஎஸ்5-ல ஓடுமா?" என்று தனித்தனியாகக் கேட்டேன். மூன்றுக்கும் "ஓடும் அக்கா" என்றார். எஸ்எஸ்டி பெட்டியில் "பிஎஸ்5 ஓகே" என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் கூட இருந்தது. அது கடைக்காரர்களே அச்சடித்து ஒட்டியது என்பது வீட்டில் நகத்தால் சுரண்டியபோதுதான் தெரிந்தது. கன்ட்ரோலரைக் கடைக் கம்ப்யூட்டரில் செருகி ஒவ்வொரு பட்டனாக அழுத்திக் காட்டினார். பிஎஸ்5-ல் போட்டுக் காட்டுங்கள் என்றதற்கு, "டெமோ கன்சோல் சர்வீஸ்ல இருக்கு அக்கா". பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 பர்சென்ட் மேல ஆகும்". பரவாயில்லை, பில் வேண்டும் என்றேன். "சிஸ்டம் டவுன், நைட்டுக்குள்ள வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்" என்று ஒரு எஸ்டிமேட் சீட்டைக் கொடுத்தார். ஜிபேயில் கடைப் பெயர் வரவில்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. கேட்டால், "ஓனரோட அக்கவுன்ட்".

வீட்டுக்கு வந்து முதலில் கன்ட்ரோலர். இணைந்தது. தம்பியும் நானும் பிஎஸ்5 கேம் ஒன்றைத் திறந்தால் திரை நிற்கிறது, இந்த விளையாட்டுக்கு டூயல்சென்ஸ், அதாவது பிஎஸ்5-க்கென்றே சோனி செய்யும் கன்ட்ரோலர், வேண்டும் என்கிறது. பார்க்க அச்சு அசல் டூயல்சென்ஸ் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் கன்சோல் அதை முந்தைய தலைமுறையான பிஎஸ்4-ன் கன்ட்ரோலராகத்தான் பார்க்கிறது. பிஎஸ்4 கன்ட்ரோலரை பிஎஸ்5-ல் இணைத்தால் பிஎஸ்4 கேம்களை மட்டும்தான் ஆட முடியும். அப்படியானால் கடையில் சொன்ன "ஓடும்" பொய்யே இல்லை, பாதி உண்மை. உண்மையான டூயல்சென்ஸின் பிடியைத் தடவிப் பார்த்தால் முக்கோணம், வட்டம், பெருக்கல் குறி, சதுரம் எல்லாம் பொடிப் பொடியாகச் செதுக்கியிருக்கும். கடையில் கொடுத்ததில் வெறும் புள்ளி.

அடுத்து ஹெட்செட். பெட்டியில் பெரிதாக 7.1 (சுற்றிலும் இருந்து ஒலி வரும் சரவுண்ட்), ஒயர்லெஸ், கன்சோல் படம். உள்ளே டாங்கிள் (கன்சோலின் யுஎஸ்பியில் செருகும் சின்ன ரிசீவர்) இல்லை, வெறும் ப்ளூடூத். பிஎஸ்5 ப்ளூடூத் ஹெட்செட்டை நேராக ஏற்காது. டாங்கிளோடு வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ஹெட்செட் வேண்டும், இல்லையென்றால் கன்ட்ரோலரில் செருகுகிற 3.5 மிமீ வயர் வேண்டும். வயர் மாட்டினால் இதுவும் பாடுகிறது. ஆனால் வயரோடு விளையாட ஆயிரம் ரூபாய் ஹெட்செட் போதுமே, 5,200 எதற்கு? அந்த 7.1-ம் ஏமாற்றுத்தான். இரண்டு காதுக்கும் ஒவ்வொரு ஸ்பீக்கர்தான், மற்றதெல்லாம் மென்பொருள் வேலை. பிஎஸ்5-ன் 3டி ஒலி சாதாரண ஸ்டீரியோ ஹெட்செட்டிலேயே வரும்.

எஸ்எஸ்டிதான் உச்சம். கன்சோல் மூடியைக் கழற்றி, ஸ்க்ரூ எடுத்து, பொருத்தி, ஆன் செய்தால் இதைப் பயன்படுத்த முடியாது என்று வருகிறது. மேலே ஒட்டியிருந்த ஹீட் சிங்க்கை (சூடு தணிக்கும் தகடு) தூக்கி லேபிளைப் படித்தால் ஜென் 3, அதாவது பழைய, வேகம் குறைந்த தலைமுறை. பிஎஸ்5-க்கு வேண்டியது பிசிஐஇ (எஸ்எஸ்டி இணையும் வழி) ஜென் 4, ஜென் 3-ஐ அது ஏற்காது. வினாடிக்கு 5,500 எம்பி படிக்கும் வேகமாவது இருக்க வேண்டும் என்பது சோனியின் பரிந்துரை. ஜென் 3-ன் உச்சமே 3,500 பக்கம்தான்.

ஆக 18,500 ரூபாய்க்கு வாங்கிய மூன்றும் என் தேவைக்கு உதவாது. நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, கடையில் எது விற்காமல் கிடந்ததோ அதைத்தான் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

போன் செய்தேன். "மேடம், கன்சோல் அப்டேட் பண்ணுங்க." பண்ணினேன். "கன்ட்ரோலர் பின்னாடி ஒரு ஓட்டை இருக்கும், பின் வச்சு ரீசெட் பண்ணுங்க." அதையும் செய்தேன். ஹெட்செட்டுக்கு, "வயர் குடுத்திருக்கோம்ல மேடம், அதுல ஓடுதுல்ல?" எஸ்எஸ்டிக்கு, "சீல் உடைச்சுட்டீங்களே, கம்பெனில ஒத்துக்க மாட்டாங்க." சீலை உடைக்காமல் எப்படி அது வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்வது? கேட்டேன். லைன் கட்.

நேரில் போனால் அந்த ஆள் இல்லை. கல்லாவில் வேறொரு பையன். "அண்ணன் சென்னை போயிருக்காரு, சரக்கு எடுக்க." அடுத்த தடவை பொருட்களை வாங்கி வைத்துக்கொண்டு டிஸ்ட்ரிபியூட்டரிடம் அனுப்புவதாகச் சொல்லப் பார்த்தார்கள். பொருள் பெற்றதற்கு எழுதிக் கொடுங்கள் என்றேன், கொடுக்க மாட்டோம் என்றார்கள், நானும் கொடுக்கவில்லை. அப்புறம் ஓனர் என்று ஒருவர் வந்தார். "காசு திருப்பித் தர்றது எங்க பாலிசில இல்லைங்க. வேணும்னா 18,500-க்கு வேற பொருள் எடுத்துக்கோங்க, ஆனா பயன்படுத்தினதுக்கு 30 பர்சென்ட் கழிச்சுக்குவோம்" என்றார். பயன்படுத்தவே முடியாத பொருளுக்குப் பயன்படுத்திய கழிவு! அந்த வாட்ஸ்அப் பில் இன்னும் வரவில்லை. என் செய்திகளில் நீல டிக் மட்டும் விழுகிறது.

இவர்கள் சொல்லும் பாலிசி எல்லாம் செல்லாது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி பில் கொடுக்காமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. ஓனரிடம் இதைச் சொன்னேன். "கோர்ட்டுக்கே போங்க மேடம்" என்று சிரித்தார். போகிறேன். 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்தாயிற்று. அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், பாப்பா எழுந்துவிட்டாள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "ஓடுமா" என்று கேட்காதீர்கள், "பிஎஸ்5 கேமில் ஓடுமா, வயர் இல்லாமல் ஓடுமா" என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். உங்கள் கன்சோலிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், கம்ப்யூட்டரில் காட்டுவது கணக்கில்லை. இறக்குமதிப் பொருள் என்றால் பெட்டியில் எம்ஆர்பியும் இறக்குமதி செய்தவரின் முகவரியும் இருக்க வேண்டும், என் கன்ட்ரோலர் பெட்டியில் இரண்டுமே இல்லை. ஜிஎஸ்டி எண் தமிழ்நாட்டுக் கடைக்கு 33-ல் தொடங்கும், அதை ஜிஎஸ்டி தளத்தில் தட்டிப் பாருங்கள். பில் கைக்கு வராமல் ஸ்கேன் செய்யாதீர்கள்.

கோவையில் இதே மாதிரி எஸ்டிமேட் சீட்டோடு நிற்பவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். ஆணையத்தின் அனுமதியோடு பலர் சேர்ந்து ஒரே புகாராகக் கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.