காட்பாடி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: புத்தகம் மோசம், மேடம் அருமை

சிஎம்சி ஆஸ்பத்திரியும் விஐடி யுனிவர்சிட்டியும் இருக்கிற வேலூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பஞ்சமா, கம்பத்துக்குக் கம்பம் போர்டு தொங்குகிறது. காட்பாடியில் ஒரு மாடியில் நடக்கும் இந்த மாலை வகுப்பின் புத்தகமும் மற்ற இடங்களில் கொடுப்பது போலத்தான், படுமோசம். இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் ஒரே ஒரு தமிழ் அர்த்தம், 'சாஃப்ட் என்றால் மென்மையான', முடிந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு மேடம் நடத்துகிறார் பாருங்கள், இந்த ரிவ்யூ அதற்காகத்தான்.

எந்த அட்ஜெக்டிவையும் அவர் தனியாகச் சொல்வதில்லை. கூட வரும் சொல்லோடு சேர்த்துச் சொல்லிவிட்டு, "இதுக்கு எதிர்ப்பதம் என்ன?" என்பார். சாஃப்ட் வாட்டருக்கு ஹார்டு வாட்டர், போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடிப்போய் சோப்பு நுரைக்காமல் குழாய் வாயில் வெள்ளையாகப் படியுமே, அதுதான். சாஃப்ட் டிரிங்குக்கும் ஹார்டுதான், ஆனால் அங்கே கேள்வியே வேறு, போதை உண்டா இல்லையா என்பது. வாய்ஸ் என்று வந்தால் லவுட், லைட் என்றால் ஹார்ஷ். ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து வருகிற ஒருவர் பையில் துண்டுத் தோல் வைத்திருந்தார், மேடம் அதை வாங்கி விரலிடுக்கில் மடக்கிக் காட்டி இதற்கு என்ன எதிர்ப்பதம் என்றதும் எல்லோரும் ஹார்டு என்று கத்தினோம். தோலுக்குச் சொந்தக்காரர் மட்டும், "எங்க லைன்ல ஃபர்ம்னு சொல்லுவாங்க மேடம்" என்றார். மேடம் உடனே போர்டில் அதையும் எழுதினார்.

எனக்கு ரொம்ப உதவியது வேறொன்று. 'எங்க மேனேஜர் ரொம்ப சாஃப்ட்' என்று நாம் பாராட்டாகத்தான் சொல்கிறோம், ஆனால் வெளிநாட்டுக்காரர் காதில் அது 'ஆளுக்குக் கண்டிப்பு போதாது' என்று விழக்கூடும். ஜென்டில் என்றோ, குரலைச் சொல்வதானால் சாஃப்ட் ஸ்போக்கன் என்றோ சொல்லிவிட்டால் வம்பில்லை. 'சாஃப்ட் கார்னர்' நம் நாட்டு இங்கிலீஷாம், இங்கிலாந்தில் 'சாஃப்ட் ஸ்பாட்' என்பார்கள். அதற்காக நம்முடையது தப்பு என்று மேடம் அடித்துவிடவில்லை, யாரிடம் பேசுகிறோமோ அதைப் பார்த்துப் பேசுங்கள் என்றார் (இங்கிலீஷ் வாத்தியார்களில் இப்படி ஒருவரைப் பார்ப்பதே அபூர்வம்).

குறையும் இருக்கிறது. சனிக்கிழமை பேட்ச்சில் நெரிசல், நம் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும், வார நாளில் சேருவதே மேல். வண்டி நிறுத்த இடம் கிடையாது. கிராமரை அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியவர்களுக்கு இது சரிப்படாது. வெளி மாநில நோயாளிகளோடு தினமும் அரைகுறை இங்கிலீஷில் மல்லுக்கட்டும் மருந்துக்கடை, லாட்ஜ் ஆட்களுக்கு நிச்சயம் பிரயோஜனப்படும். அப்புறம், ஃபீஸை முழுசாக முதலிலேயே கேட்பார்கள், இரண்டு தவணை என்று கேட்டால் ஒப்புக்கொள்கிறார்கள், கூச்சப்படாமல் கேளுங்கள்.