புஷ்ராட் லெங்த் செக்கர் - என் அனுபவம்
இன்ஜின் ஹெட்டை மில்லிங் பண்ணி (அடிப்பரப்பைக் கொஞ்சம் சீவி) கேம்ஷாஃப்டையும் மாத்தியாச்சு, இனி பழைய புஷ்ராட் (கேமோட அசைவை மேல ராக்கருக்குக் கொண்டுபோற கம்பி) நீளம் ஒத்து வராதுன்னு, சரியான நீளத்தை அளக்கத்தான் இந்த அட்ஜஸ்டபிள் செக்கரை வாங்குனேன், நல்ல பொருள்ங்க. லிஃப்டர் (கேம் மேல உக்காந்து புஷ்ராடைத் தள்ளுற பாகம்) கேமோட பேஸ் சர்க்கிள்ல (மேடு இல்லாத வட்டப் பகுதி) இருக்கும்போது ராக்கரை (வால்வை அமுக்குற கை) டார்க் பண்ணிட்டு, அதாவது குறிச்ச அளவுக்கு முறுக்கிட்டு, செக்கரை விரலால கொஞ்சம் கொஞ்சமா திருகி நீட்டணும், மேல கீழ ஆட்டிப் பாத்தா துளிகூட ஆட்டம் இல்லையா, அதான் ஜீரோ லாஷ். செக்கரை விரலால சும்மா சுத்திப் பாத்து, இறுக்கமா இருக்கான்னு வெச்சு முடிவு பண்ணாதீங்க, ஹைட்ராலிக் லிஃப்டருக்குள்ள இருக்குற பிளஞ்சர் (மேல கீழ நகர்ற குட்டி பிஸ்டன்) அமுங்கிடும், முதல் தடவை நான் அப்படித்தான் தப்பா எடுத்தேன். த்ரெட் ரொம்ப சுத்தம், ஒரு முழு சுத்துக்கு 0.050 இஞ்ச் நீளுது. ஜீரோ லாஷ்ல அளந்த நீளத்தோட லிஃப்டர் கம்பெனி சொல்ற பிரீலோடை (பிளஞ்சர் உள்ள அமுங்கி இருக்க வேண்டிய அளவு) கூட்டி (பெரும்பாலும் 0.020லருந்து 0.060 இஞ்சுக்குள்ள வரும்) புது புஷ்ராடுக்கு ஆர்டர் போட்டேன். செக்கர்ல லாக் நட் இல்லாததுதான் குறை, வெளிய எடுக்கும்போது திரும்பிடாம பாத்துக்கணும்.