தொட்டில் ஓர் ஊரில், கல்லறை ஓர் ஊரில்: சென் ஜெர்மேனா, சென் தெனியா?

பாரிசுக்கு வருகிறவர்கள் ஈபிள் கோபுரம், லூவர், வெர்சாய் எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, அரை நாள் மிச்சம் இருக்கும்போது கேட்பார்கள்: "பக்கத்தில் பார்க்கிற மாதிரி வேறு ஊர் ஏதாவது இருக்கிறதா?" இருக்கிறது. ஒன்றல்ல, இரண்டு. மேற்கே ஆர்.இ.ஆர். ஏ என்ற புறநகர் ரயிலின் கடைசி நிறுத்தம் சென் ஜெர்மேன் ஆன் லே. வடக்கே மெட்ரோ 13-ஆம் தடத்தில் சென் தெனி. அந்தத் தடம் பாதியில் இரண்டாகப் பிரியும், ஆகவே வண்டியில் சென் தெனி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.

இரண்டும் பாரிசின் புறநகர்கள்தான். ஆனால் ஒன்றின் பெயரைச் சொன்னால் பாரிஸ்காரர்கள் "அழகான ஊர்" என்பார்கள். மற்றதைச் சொன்னால் "கவனமாகப் போ" என்பார்கள். இந்த இரண்டு ஊர்களையும் ஒரே மனிதர் இணைக்கிறார். பதினான்காம் லூயி 1638 செப்டம்பர் 5-ஆம் தேதி சென் ஜெர்மேனில் பிறந்தார். 1715-இல் சென் தெனியில் புதைக்கப்பட்டார். நடுவிலிருந்த 77 வருஷங்களின் புகழை வெர்சாய் தட்டிக்கொண்டு போய்விட்டது. சென் ஜெர்மேன்காரர்கள் மட்டும் விடவில்லை. ஊரின் சின்னத்திலேயே ஒரு தொட்டிலை வரைந்து, கீழே அந்தத் தேதியையும் பொறித்து வைத்திருக்கிறார்கள்.

சரி, அந்தத் தொட்டில் இருந்த இடத்தைப் பார்க்கலாம் என்று போனால் ஏமாற்றம்தான். நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே நிற்பது பழைய கோட்டை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆறாம் லூயி தொடங்கி, நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் கொளுத்தி, பிறகு முதலாம் பிரான்சுவா 1539 முதல் புதிதாகக் கட்டியது. லூயி பிறந்தது இதில் அல்ல. ஆற்றைப் பார்த்தபடி இருந்த 'புதுக் கோட்டை'யில். அதை 1777-இல் அப்போதைய அரசர் பதினாறாம் லூயியிடமிருந்து வாங்கிய அவர் தம்பி அர்த்துவா பிரபு, இன்னும் அழகாகக் கட்டப்போகிறேன் என்று இடிக்கத் தொடங்கினார். இடிக்கிற வேலை நடந்தது, கட்டுகிற வேலைக்குள் புரட்சி வந்துவிட்டது. அதே பிரபு பின்னாளில் பத்தாம் சார்லஸ் என்ற பெயரில் அரசரானார், 1830-இல் துரத்தப்பட்டார், இன்றைய ஸ்லொவேனியாவில் ஒரு மடத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார். தொட்டிலை இடித்தவருக்குக் குடும்பக் கல்லறையிலும் இடம் கிடைக்கவில்லை.

புதுக் கோட்டையில் மிஞ்சியது நான்காம் ஹென்றி பெயரிலான ஒரு மண்டபம்தான். இப்போது அது ஓட்டல். உருளைக்கிழங்கு வறுவல் பூரி மாதிரி உப்புகிற பதார்த்தம் ஒன்று அங்கேதான் பிறந்தது என்று ஒரு கதை உண்டு. 1837 ஆகஸ்டில் பாரிசிலிருந்து பயணிகளுக்கான முதல் ரயில் இந்தப் பக்கம் வந்தது. விருந்தினர் வர நேரமானதால் சமையல்காரர் பாதி வெந்த வறுவலை எடுத்து வைத்து, அவர்கள் வந்ததும் மறுபடி எண்ணெயில் போட, அது புஸ்ஸென்று உப்பியதாம். கதை எவ்வளவு உண்மையோ, ரயில் உண்மை. அதுவும் மலையடிவாரத்து லெ பெக் வரைதான் வந்தது. மேட்டில் ஏற எஞ்சினுக்குப் பலம் போதாமல், 1847-இல் குழாயில் காற்றை உறிஞ்சி வண்டியை மேலே இழுக்கும் முறை ஒன்றைப் போட்டார்கள். 1860-இல் பலமான எஞ்சின்கள் வந்ததும் அதைக் கைவிட்டார்கள்.

சென் ஜெர்மேனில் உண்மையிலேயே கண்ணை நிரப்புவது அரசரின் தோட்டக் கலைஞர் லெ நோத்ர் 1669-இல் தொடங்கி அமைத்த நீண்ட மேடை. சுமார் 2 கிலோமீட்டருக்கு நேர்க்கோட்டில் போகும். ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் சேன் ஆற்றின் வளைவும் தூரத்தில் பாரிசும். சும்மா நடக்கவே போகலாம். கோட்டைக்குள் மூன்றாம் நெப்போலியன் தொடங்கி 1867-இல் திறந்த தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது. பிரசம்பூயி என்ற ஊரில் கிடைத்த தந்தத் தலை அதன் பெருமை. உயரம் 3.65 செ.மீ., நம் கட்டை விரலின் மேல் பாதி அளவு. இருபதாயிரம் வருஷங்களுக்கும் முந்தையது. நெற்றி, புருவம், மூக்கு எல்லாம் இருக்கும், வாய் கிடையாது.

இந்த ஊரின் பெரிய மனிதர்களைப் பார்த்தால் ஒன்று புரியும்: பெரும்பாலும் வந்து போனவர்கள். இங்கிலாந்தின் இரண்டாம் ஜேம்ஸ் பதவி இழந்து 1689-இல் வந்து, திரும்பிப் போகும் கனவிலேயே 1701-இல் இங்கே இறந்தார். கோட்டைக்கு எதிரே உள்ள தேவாலயத்தில் அவர் நினைவுச் சின்னம் இருக்கிறது. இசையமைப்பாளர் தெபுசி 1862-இல் பிறந்தது ஓபேன் தெருவில், 38-ஆம் எண் வீட்டில். பெற்றோர் அங்கே பீங்கான் பாத்திரக் கடை வைத்திருந்தார்கள். வியாபாரம் ஓடவில்லை, பிள்ளைக்கு நினைவு தெரியும் முன்பே குடும்பம் கிளம்பிவிட்டது. ஆனாலும் வீடு அருங்காட்சியகமாகிவிட்டது. 1919-இல் ஆஸ்திரியப் பேரரசைத் துண்டாடிய ஒப்பந்தமும் இந்தக் கோட்டையில்தான் கையெழுத்தானது. கையெழுத்துப் போட்டவர்களும் மறுநாளே பெட்டியைக் கட்டியிருப்பார்கள்.

சென் தெனி நேர் எதிர். வந்தவர்கள் போகவில்லை.

முதலில் வந்தவரே தலையில்லாமல் வந்தார் என்பது ஐதீகம். பாரிசின் முதல் ஆயர் தெனி, மூன்றாம் நூற்றாண்டில் பாரிசின் மோமார்த் குன்றில் தலை வெட்டப்பட்டு, அந்தத் தலையைக் கையில் ஏந்தி நடந்து வந்து இங்கே விழுந்தாராம். 639-இல் தகோபெர் அரசர் அந்தப் புனிதரின் பக்கத்தில் புதைக்கப்பட்டார். அப்புறம் கிட்டத்தட்ட எல்லா அரசர்களும் இங்கேதான். நாற்பதுக்கும் மேற்பட்ட அரசர்கள், முப்பதுக்கும் மேற்பட்ட அரசிகள்.

ஆனால் எனக்கு இந்த ஊரின் நாயகன் அரசர் யாருமில்லை, ஒரு மடாதிபதி. சூஜே எளிய குடும்பத்துப் பிள்ளை. பத்து வயதுவாக்கில் மடத்தில் விடப்பட்டவர், 1122-இல் அதன் தலைவரானார். பழைய கோயில் இருட்டாகவும் நெரிசலாகவும் இருக்கிறது என்று இடித்துக் கட்டத் தொடங்கினார். 1144 ஜூன் 11-ஆம் தேதி அர்ப்பணிக்கப்பட்ட பின்பகுதியில் கூர்வளைவும் விலா எலும்பு போன்ற கூரை வளைவுகளும் சேர்ந்து பாரத்தைத் தூண்களுக்குக் கொண்டுபோயின. சுவருக்கு வேலை குறைந்தது, அந்த இடத்தைக் கண்ணாடி பிடித்துக்கொண்டது. கோதிக் கட்டடக்கலை தொடங்கியது இங்கே என்று படித்தவர்கள் சொல்வது இதைத்தான். பாரிஸ் நோத்ர் தாமுக்கு இது அக்கா. சூஜேயின் அடக்கமும் கொஞ்சம் வேடிக்கையானது: ஒரு சாளரத்தில் மாதாவின் காலடியில் தன்னையே விழுந்து கிடப்பதுபோல் வரையச் சொல்லி, மறக்காமல் பெயரையும் எழுதச் சொல்லியிருக்கிறார். நம்மூர்க் கோயில் டியூப்லைட்டில் உபயம் எழுதுகிற வழக்கம் புதிதல்ல.

கல்லறைகளில் பன்னிரண்டாம் லூயியும் பிரான்சின் பிரித்தானிப் பகுதியைச் சேர்ந்த ஆன் அரசியும் இருக்கும் பளிங்கு மண்டபத்தின் முன் சற்று நில்லுங்கள். மேலே இருவரும் மண்டியிட்டு ஜெபிக்கிறார்கள். குனிந்து உள்ளே பார்த்தால் அதே இருவரும் ஆடையில்லாமல், தலை பின்னால் சாய்ந்து, வாய் பிளந்து பிணமாகக் கிடக்கிறார்கள். உடலைப் பதப்படுத்த வயிற்றைத் திறந்து மறுபடி தைத்த தையலைக்கூடச் சிற்பி விடவில்லை. வெர்சாயின் தங்க முலாம் முழுவதும் சேர்ந்தும் எனக்கு அரச பதவியைப் பற்றி இவ்வளவு சொன்னதில்லை.

1793-இல் புரட்சியாளர்கள் இந்தக் கல்லறைகளைத் திறந்து, எலும்புகளைப் பக்கத்துக் குழிகளில் சுண்ணாம்போடு கொட்டினார்கள். ஊரின் பெயரையே பிரான்சியாத் என்று மாற்றினார்கள். சிற்பங்கள் பிழைத்ததற்கு அவற்றைப் பாரிசுக்கு எடுத்துப்போன அலெக்சாந்த்ர் லெனுவார் முக்கியக் காரணம். பதினெட்டாம் லூயி 1817-இல் குழிகளைத் தோண்டினால் யாருடைய எலும்பு யாருடையது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே அறையில் போட்டு, பெயர்களை மட்டும் கல்லில் வெட்டினார்கள். பதினான்காம் லூயியும் அந்தக் குவியலில்தான். அவர் ஊர்வலம் 1715-இல் இந்த ஊருக்கு வந்தபோதே வழியோரம் கூடாரம் போட்டு மக்கள் குடித்துப் பாடிச் சிரித்தார்கள் என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இடையில் ஒன்று. பாரிசில் நம்மவர்கள் 'லா சப்பல்' என்கிற கடைத்தெரு இருக்கிறதே, கருவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்குகிற இடம், அந்த வீதியின் பெயர் ஃபோபூர் சென் தெனி. பாரிசிலிருந்து அரசர்களின் இறுதி ஊர்வலங்கள் சென் தெனிக்குப் போன பாதை அது. கொத்துரொட்டி தட்டுகிற சத்தத்துக்கு நடுவே இதை யாரும் நினைப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆலைகள் வந்தன, தொழிலாளர்கள் வந்தார்கள், ஊர் சிவப்பாகியது. உலகமெங்கும், தமிழிலும், தோழர்கள் பாடுகிற சர்வதேசிய கீதத்துக்கு 1888-இல் மெட்டமைத்த பியேர் தெ கெய்டெர் இங்கே வாழ்ந்து 1932-இல் இங்கேயே இறந்தார். மெட்டு தன்னுடையது என்று சொந்தத் தம்பியோடு வழக்காடி, 1922-இல்தான் அவருக்குத் தீர்ப்புக் கிடைத்தது. கவிஞர் போல் எலுவார் 1895-இல் பிறந்ததும் இங்கேதான். ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது அவர் எழுதிய சுதந்திரக் கவிதையை ஆங்கிலேய விமானங்கள் துண்டுப் பிரசுரமாக வீசின.

இவர்களோடு ஜாக் தொரியோவையும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையில்லை. உலோகத் தொழிலாளி, கம்யூனிஸ்ட், 1931-இல் மேயர். சோசலிஸ்டுகளோடு கூட்டு வேண்டும் என்று சொன்னதற்காக 1934 ஜூனில் கட்சி அவரை நீக்கியது. அடுத்த மாதமே அதே கூட்டில் கட்சி கையெழுத்திட்டது. அந்தக் கசப்பில் மனிதர் முழுவதுமாகத் திரும்பி, 1936-இல் இதே ஊரில் ஒரு பாசிசக் கட்சியைத் தொடங்கி, போரில் ஜெர்மன் சீருடையே போட்டார். 1945-இல் ஜெர்மனியில் காரில் போகும்போது விமானத் தாக்குதலில் இறந்தார். சென் ஜெர்மேனின் வரலாற்றில் இப்படி உறுத்துகிற ஆள் யாரையும் நான் பார்க்கவில்லை. அதுவும் அந்த ஊர் எனக்குக் கொஞ்சம் சப்பென்று தோன்ற ஒரு காரணம்.

கால்பந்தில் இரண்டும் வேடிக்கையான ஜோடி. 1970-இல் உருவான பாரிஸ் சென் ஜெர்மேன் (பி.எஸ்.ஜி.) அணியின் பெயரில் சென் ஜெர்மேன் இருக்கிறது, ஆனால் அது விளையாடுவது பாரிசில். சென் தெனியில் சுமார் 80,000 பேர் அமரும் ஸ்தாத் தெ பிரான்ஸ் இருக்கிறது, ஆனால் அதைச் சொந்த மைதானமாகக் கொண்ட கழகம் கிடையாது. 1998 ஜூலை 12 இரவு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் ஜிதான் தலையால் முட்டி இரண்டு கோல் போட்டு பிரேசிலை வீழ்த்தியது அங்கேதான்.

குழந்தைகளோடு வருகிறீர்கள், வெயில் நன்றாக இருக்கிறது, கால் வலிக்கிறது என்றால் சென் ஜெர்மேனுக்குப் போங்கள். கோட்டை அருங்காட்சியகம் செவ்வாய் விடுமுறை. மற்றபடி என் ஓட்டு சென் தெனிக்குத்தான். மெட்ரோவில் கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். பாரிசிலும் அதைத்தானே செய்கிறீர்கள்.

கடைசியாக ஒரு வதந்தி. பதினான்காம் லூயி சென் ஜெர்மேனை விட்டு 1682-இல் வெர்சாய் போனதற்குக் காரணம், மேட்டிலிருந்து பார்த்தால் தூரத்தில் சென் தெனி தேவாலயத்தின் கோபுரம் தெரிந்து, தன் கல்லறையை நினைவூட்டியதுதான் என்பார்கள். வரலாற்றாசிரியர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அந்த வடக்குக் கோபுரம் புயலில் பழுதாகி 1840-களில் இறக்கப்பட்டது. அதனால்தான் இன்று அந்தத் தேவாலயம் ஒற்றைக் கொம்போடு நிற்கிறது. இப்போது அதைத் திரும்பக் கட்டும் வேலை தொடங்கியிருக்கிறது. முடிந்ததும் லெ நோத்ரின் மேடையில் நின்று அது தெரிகிறதா என்று பார்க்க நான் ஒரு தடவை சென் ஜெர்மேன் போவேன்.