கடையை அதிர வைத்த போன், காதில் முனகியது

அப்பாவுக்கு ஒரு சாதாரண பட்டன் போன் வாங்கப் போய் ஏமாந்துவிட்டேன். விற்றவர் வாயிலிருந்து நேரடியான பொய் ஒன்றுகூட வரவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குப் போன் வாங்கும் எண்ணம் இருந்தால், வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவிடம் பல வருடங்களாக இருந்தது நோக்கியா 1100. 2003-ல் வந்து உலகம் முழுக்க 25 கோடிக்கு மேல் விற்ற மாடல். எத்தனையோ முறை கீழே விழுந்தும் பிழைத்தது, ஒருநாள் மேசையில் சும்மா இருந்தபடியே உயிரை விட்டது. புதுப் போனில் அப்பா கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. எண்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும், சார்ஜ் நிற்க வேண்டும், எதிரில் பேசுபவர் சொல்வது காதில் விழ வேண்டும். எழுபதைத் தாண்டியவர். காது லேசாக மந்தம், கருவி வைக்கும் அளவுக்கு இல்லை.

அவரை அலைய வைக்க வேண்டாம் என்று நான் மட்டும் கடைக்குப் போனேன். முதல் தப்பு அங்கேயே.

"சத்தம் நல்லா கேட்கணும், அதுதான் முக்கியம்" என்றேன். விற்பனையாளர் ஒரு போனை எடுத்துப் பாட்டைப் போட்டார். கண்ணாடி அலமாரி கிடுகிடுத்தது, பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதுக்கு மேல என்ன சார் சத்தம் வேணும்?" என்று சிரித்தார். பெட்டியில் 'பெரியவர்களுக்கான போன்', 'கூடுதல் ஒலி', '4ஜி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. போதாததற்கு ஏதோ ஒரு டெசிபல் கணக்கு வேறு. சரி, நல்ல பொருள் என்று வாங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் சிம் போட்டு, பக்கத்து அறையிலிருந்து நானே அழைத்தேன். ரிங் தெருவுக்கே கேட்டது. எடுத்த அப்பா "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே இருந்தார். போனை வாங்கி என் காதில் வைத்தால், குடத்துக்குள் உட்கார்ந்து பேசுவது போல ஒரு முனகல். ரிங் சத்தம் வேறு, பேச்சுச் சத்தம் வேறு. பேசிக்கொண்டிருக்கும்போதே பொத்தானை அழுத்தினால்தான் பேச்சுச் சத்தம் கூடும். அதையும் செய்தேன். முழு அளவுக்கு ஏற்றியதும் குரல் கரகரவென்று உடைந்தது, கூடவில்லை.

அப்போதுதான் உறைத்தது. போனில் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். ரிங்டோனுக்கும் பாட்டுக்கும் பின்பக்கம் இருக்கும் பெரியது. காதில் வைத்துப் பேச, திரைக்கு மேலே ஒரு சின்னத் துளைக்குப் பின்னால் இருப்பது. பெரியது இடியாக முழங்கினாலும் சின்னது எப்படி என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. கடையில் எனக்குக் காட்டியது பின்பக்கத்தை மட்டும். பெட்டியில் இருந்த டெசிபலும் ரிங் சத்தத்துக்கானதாம், பின்னால் பொடி எழுத்தில் இருந்தது. எவ்வளவு தூரத்தில் வைத்து அளந்தார்கள் என்று சொல்லாத டெசிபல் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது என்பதையும் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

மறுநாளே கடைக்குப் போனேன். "போன்ல குறை ஒண்ணும் இல்ல சார், அப்பாவுக்குக் காது டெஸ்ட் பண்ணிப் பாருங்க" என்றார். முந்தின நாள் சிரித்த அதே வாய். பெட்டியைப் பிரித்துவிட்டதால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். சர்வீஸ் சென்டரில் திரை மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் படலத்தை உரித்தார்கள். நியாயமான சோதனைதான், அந்தப் படலம் துளையை அடைத்துச் சத்தத்தைக் குறைப்பது உண்டு, அழுக்கு அடைந்தாலும் அப்படித்தான். ஆனால் இதில் உரித்த பிறகும் அதே முனகல். "கம்பெனி சொன்ன அளவுக்குள்ள இருக்கு" என்று எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்த அளவு என்ன என்று கேட்டேன், பதில் இல்லை. மூன்று நடை, பதினோரு நாள்.

இதற்கிடையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சும்மா இருக்கும்போது திரை மேல் 4ஜி என்று காட்டும் போன், அழைப்பு வந்த நொடியில் 2ஜிக்கு இறங்கியது. 4ஜியில் பழைய முறை பேச்சு இணைப்பு கிடையாது, 4ஜி வழியாகவே பேச வோல்ட்இ என்ற வசதி போனில் இருக்க வேண்டும். இதில் இல்லை. பெட்டியில் போட்ட 4ஜி இணையத்துக்கு மட்டும், அதுவும் இணையத்தைத் தொடவே தொடாத அப்பாவுக்கு!

இது வெறும் எழுத்து வித்தியாசம் இல்லை. பழைய முறை அழைப்பில் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் (எண் கூடினால் சுருதி கூடும்) வரையிலான ஒலிதான் வந்து சேரும். வோல்ட்இ-யில், இரண்டு முனையிலும் வசதி இருந்தால், பெரும்பாலும் 50 முதல் 7,000 வரை வரும். வயதாகும்போது முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. போனும் அதை வெட்டி, காதும் அதை விட்டுவிட்டால் மிஞ்சுவது உயிரெழுத்துகளின் இரைச்சல். "கதவைப் பூட்டுங்க" என்று நான் சொன்னால் "எதைக் கூட்டணும்?" என்று கேட்பார் அப்பா. "சத்தம் கேட்குதுடா, பேச்சுதான் புரியல" என்று அவர் சொன்னதை முதலில் நான் பிடிவாதம் என்று நினைத்தேன்.

2ஜி, 3ஜியை மூடிவரும் நாடுகளில் இந்த மாதிரிப் போன் ஒருநாள் பேசவே உதவாது. ஆஸ்திரேலியாவில் 2024-ல் 3ஜியை நிறுத்தியபோது, 4ஜி இருந்தும் அதில் அவசர அழைப்பு செய்ய முடியாத போன்களை நெட்வொர்க்கிலிருந்தே துண்டித்தார்கள். தயாரித்த நிறுவனத்துக்கு இதையெல்லாம் எழுதினேன். '4ஜி என்று போட்டிருக்கிறோம், வோல்ட்இ என்று எங்கும் போடவில்லை' என்று பதில் வந்தது. உண்மைதான், போடவில்லை!

இரண்டாவது தடவை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் நுழைந்த கடையில் பேசிப் பார்க்க விடமாட்டேன் என்றார்கள், அப்படியே வெளியே வந்துவிட்டோம். அடுத்த கடையில் டெமோ போனில் அப்பாவின் சிம்மையே போடச் சொன்னேன். வாசலுக்கு, வண்டிச் சத்தம் இருக்கும் இடத்துக்கு அவரை அனுப்பிவிட்டு, உள்ளேயிருந்து அழைத்து எண்களும் பெயர்களும் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். சத்தத்தை முழுக்க ஏற்றச் சொல்லி, குரல் உடைகிறதா என்று கேட்டேன். பேசும்போது திரையில் 4ஜி நிற்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். இரண்டு மாடல் தேறவில்லை. மூன்றாவதில் "இப்ப ஏன் இப்படிக் கத்துற?" என்றார். அதையே வாங்கினோம். அதில் பாட்டுச் சத்தம் சுமார்தான்.

காது கருவி வைத்திருக்கும் அவர் நண்பருக்கும் அப்புறம் ஒன்று பார்க்க வேண்டி வந்தது. அவருக்குச் சத்தத்தை விட, எம்3, டி3 அல்லது எம்4, டி4 போன்ற, காது கருவியோடு ஒத்துப்போகும் என்று சொல்லும் குறி இருக்கிறதா என்பது முக்கியம். கருவியில் டெலிகாயில் என்ற சின்னக் கம்பிச்சுருள் இருந்தால், டி குறி உள்ள போனின் ஒலியைக் காந்தப்புலம் வழியாக நேரடியாக வாங்கிக்கொள்ளும். குறி இல்லாவிட்டால் கருவிக்குள் கிர்ரென்று இரைச்சல் வரலாம். இதைப் பற்றிக் கேட்டபோது விற்பவர்கள் முழித்தார்கள், பெட்டியைத் திருப்பித் திருப்பி நாங்களே தேடினோம்.

முதலில் வாங்கி ஏமாந்த போனை நான் தூக்கிப் போடப் போனேன், அப்பா விடவில்லை. அதில் எஃப்எம் ரேடியோ இருக்கிறது. காலையில் அவர் அதைப் போட்டால், பக்கத்து வீட்டுக்காரர் சத்தத்தைக் குறைக்கச் சொல்லி எனக்குப் போன் பண்ணுகிறார்.