தேள் விஷ சொட்டு மருந்து: புராஸ்டேட் கேன்சருக்கு வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு

பெரியப்பாவுக்கு புராஸ்டேட் கேன்சர்னு தெரிஞ்சதும் சொந்தக்காரர் ஒருத்தர் ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி வரவெச்ச பாட்டில் இது. பாக்கிங், சீல், டிராப்பர் எதுலயும் குறையில்ல. பிரச்சனை லேபிள்லதான்.

முன்னாடி பெருசா கியூபா நீலத் தேள் படம், பின்னாடி பொடி எழுத்துல 30 சிஹெச்னு ஹோமியோபதி கணக்குல போட்டிருக்கு. விஷத்துல ஒரு பங்கு எடுத்து 99 பங்கு தண்ணி ஆல்கஹால்ல கலந்து, அதுல இருந்து திரும்ப ஒரு பங்கு எடுத்து திரும்ப அதே மாதிரி கலந்து, இப்படி 30 தடவை பண்ணிருக்காங்கன்னு அர்த்தம். 12, 13 தடவை தாண்டினாலே விஷத்தோட மூலக்கூறு ஒண்ணு மிஞ்சினாலே அதிசயம், அப்புறம் 30 தடவைன்னா என்ன இருக்கும்? மூடியைத் திறந்தா ஆல்கஹால் வாசனைதான் வருது.

ஆனா தேள் விஷ ஆராய்ச்சியே பொய்னு சொல்லல, அது நிஜமாவே பெரிய விஷயம். டெத்ஸ்டாக்கர் தேள்ல இருக்குற குளோரோடாக்சின் 36 அமினோ அமிலம் கோத்த ஒரு குட்டி பெப்டைட், அதாவது சின்னப் புரதத் துண்டு, அதுகூட ஒரு ஒளிரும் சாயத்தை இணைச்சு மூளைக் கட்டி ஆபரேஷன்ல கட்டி எதுவரைக்கும் இருக்குன்னு காட்ட மனுஷங்ககிட்டயே சோதனை பண்ணிருக்காங்க. புராஸ்டேட்டுக்குன்னு பாத்தா சீனத் தேள் விஷத்துல இருந்து பிரிச்சு எடுத்த பாலிபெப்டைட், லேப்ல வளர்த்த டியூ-145ங்கிற புராஸ்டேட் கேன்சர் செல்லோட வளர்ச்சியைக் குறைச்சிருக்கு. ஆனா அதெல்லாம் அளந்து போட்ட நிஜமான பெப்டைட், அந்த ரிசல்ட்டை எடுத்து இந்த பாட்டில் மேல ஒட்டி விக்கிறது ரொம்பத் தப்பு.

விக்கிற பக்கத்துல பிஎஸ்ஏ (புராஸ்டேட் கேன்சர் நிலவரத்தைப் பாக்க ரத்தத்துல அளக்குற புரதம்) குறைஞ்சிடுச்சுன்னு நிறைய பேர் எழுதிருக்காங்க, கூடவே இந்த கேன்சருக்கு டாக்டர் போடுற ஹார்மோன் ஊசி போட்டுக்கிட்டாங்களான்னு ஒருத்தர் கூட சொல்லல. அந்த ஊசி மட்டுமே பிஎஸ்ஏவை நல்லா இறக்கிடும், அப்போ பேர் யாருக்குப் போகுது பாருங்க.

அஞ்சுக்கு ஒரு ஸ்டார், அதுவும் பாக்கிங்குக்கு. சொட்டு குடிக்கிறேனே, ஊசியை கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு பெரியப்பா கேட்டப்போ எனக்கு கை காலே ஓடல. வீட்ல ஏற்கனவே வாங்கி வெச்சிருந்தா டாக்டர்கிட்ட மறைக்காம காட்டுங்க, ஊசி தேதியை மட்டும் தயவுசெஞ்சு மாத்தாதீங்க.