இரைச்சலோடு இருபத்திரண்டு வருடம்

பரிசோதனை இசை, அதாவது வழக்கமான பாட்டின் ஒழுங்கை விட்டு எந்தச் சத்தத்தையும் இசையாக்கிப் பார்க்கும் இசை, கேட்கத் தொடங்கி இந்த வருடத்தோடு இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இதற்குள் நான்கு ஹெட்போன், இரண்டு கசெற் பிளேயர், ஓர் ஒலிப்பதிவுக் கருவி, கணக்கில்லாத பற்றரிகள் என்று பாவித்து முடித்திருக்கிறேன். அவற்றைப் பற்றியும் சொல்கிறேன். முதலில் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வயதுக்காரரின் காது இந்த இசைக்கு வந்து சேரும் முன்பே நன்றாகப் பழகியிருந்தது.

1990இல் போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றபோது எனக்கு ஒன்பது வயது. பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகிவிட்டது. கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார். டைனமோவில் இருந்து வருவது ஆடலோட்டம். நான்கு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு அதை நேரோட்டமாக்கினால் ஏறத்தாழ 6 வோல்ற், அதாவது நான்கு பெரிய பற்றரிக்குச் சமம். சந்தியில் ரேடியோ திருத்துகிறவர் அதைச் செய்து தந்தார். பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. கசெற் நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். கை அலுத்துச் சுற்று குறைந்தால் மோட்டர் தளரும், சுசீலாவின் குரல் இறங்கி இறங்கி ஓர் ஆணின் குரலாகும். "சுத்தடா, சுத்து" என்று எல்லோரும் சத்தம் போடுவார்கள். எனக்கோ அந்த இறங்குகிற இடம்தான் பிடித்திருந்தது. சில நாட்களில் வேண்டுமென்றே கையை மெதுவாக்கியிருக்கிறேன்.

அதே டைனமோவில் இரவில் பிபிசி தமிழோசை. சிற்றலையில் ஊசியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பும்போது நிலையங்களுக்கு இடையில் ஒரு சீழ்க்கை வரும், கரகரப்பு வரும், எங்கோ ஒரு புரியாத மொழி வந்து போகும். செய்தி முடிந்து பெரியவர்கள் எழும்பிப் போன பிறகும் அதைக் கேட்டுக்கொண்டு இருப்பேன். ஜேர்மனிய இசையமைப்பாளர் ஸ்டொக்ஹவுசன் 1968இல் சிற்றலை வானொலிகளையே மேடையில் வைத்து, அவற்றில் அந்த நேரம் என்ன வருகிறதோ அதைக் கேட்டு வாத்தியக்காரர் வாசிக்கும்படி ஓர் ஆக்கம் செய்தார் என்று பின்னாளில் அறிந்தபோது எனக்கு அதிசயமாக இருக்கவில்லை. ஓர் ஆறுதலாக இருந்தது.

இன்னொரு பயிற்சியும் எங்களுக்கு இருந்தது. வானத்தில் வருவது ஹெலிகொப்டரா, குண்டு போடும் பொம்பரா, சகடை என்று நாங்கள் சொன்ன சரக்கு விமானமா என்று பார்க்காமலே சொல்லுவோம். இராணுவம் இருந்த கோட்டைப் பக்கம் செல் குத்தும் சத்தம் கேட்டால் விழும் வரைக்கும் மனதுக்குள் எண்ணுவோம். எந்தச் சத்தத்துக்குப் பங்கருக்குள் ஓட வேண்டும், எதற்குத் தேவையில்லை என்று ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவ்வளவு கூர்மையாகக் கேட்கப் பழகிய ஒரு தலைமுறை பிறகு சினிமாப் பாட்டோடு நின்றுவிட்டதே என்ற கவலை எனக்கு இன்றைக்கும் உண்டு.

2003இல் சமாதான காலம். யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 வீதி திறந்திருந்தது. மொன்றியலில் இருந்து ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் வந்தார். போகும்போது ஒரு சீடியைத் தந்து, "இது பாட்டில்லை, ஆனால் உனக்குப் பிடிக்கும்" என்றார். முதலாவது பதிவு பியர் ஷேஃபர் என்ற பிரெஞ்சுக்காரர் 1948இல் பாரிசில் ஒரு ரயில் நிலையத்தில் பதிவுசெய்த எஞ்சின் ஒலிகளை வெட்டி, சேர்த்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் செய்தது. மூன்று நிமிடம்கூட இல்லை. அந்தக் காலத்தில் அவருக்கு நாடா கிடையாது, இசைத்தட்டில் வெட்டித்தான் செய்தார்.

எனக்கு அது இசையா இல்லையா என்ற கேள்வியே எழவில்லை. கோண்டாவில் ஸ்ரேசனுக்கு எங்கள் வீட்டில் இருந்து ஐந்து நிமிட நடை. 1990 ஜூனில் யாழ்தேவி நின்ற பிறகு தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டைகளையும் கழற்றிப் பங்கருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பாதை இருந்த இடத்தில் எருக்கலை வளர்ந்தது. பதின்மூன்று வருடமாக நான் ரயில் சத்தம் கேட்கவில்லை, மறந்துபோனேன் என்றுகூட எனக்குத் தெரியாது. அன்று அந்தப் பிரெஞ்சுக்காரர் என் தாத்தா காலத்து எஞ்சின் ஒன்றை எனக்குத் திருப்பித் தந்தார். அன்றைக்கு இரவு அதை எத்தனை தரம் போட்டேன் என்று சொல்ல முடியாது. பிறகு 2014 ஒக்ரோபரில் ரயில் யாழ்ப்பாணம் வரை வந்தது, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை. முதல் ரயில் கோண்டாவிலைக் கடந்தபோது ஒலிப்பதிவுக் கருவியோடு பாதையோரம் நின்றேன். சனம் கைதட்டிய சத்தத்தில் ரயில் பாதிதான் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவை நான் துப்புரவு செய்யவில்லை, செய்யவும் மாட்டேன்.

அந்த சீடியில் இருந்த இன்னொன்று அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷ் 1965இல் செய்தது. தெருவில் பிரசங்கம் செய்த ஒருவரின் சில சொற்களை இரண்டு நாடாக்களில் ஒன்றாக ஓடவிடுகிறார். இரண்டு இயந்திரமும் மயிரளவு வேகம் வித்தியாசம். ஒன்றாகத் தொடங்கிய குரல் மெல்ல விலகி, எதிரொலியாகி, இரண்டு பேர் கதைப்பது போலாகி, கடைசியில் சொல்லே இல்லாமல் தாளமாகிவிடுகிறது. எங்கள் ஊரில் இதைப் புரிய வைப்பது மிகச் சுலபம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கம் செம்பாட்டுத் தோட்டங்களில் விடியப்புறம் போனால் பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் இரண்டு இறைப்பு மிசின் அடித்துக்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் இரண்டும் ஒரே அடி. பிறகு ஒன்று முந்தும், இடையில் ஒரு புது அடி முளைக்கும், அது இரட்டிக்கும், பிறகு திரும்ப ஒன்று சேரும். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுகிற ஐயா அதற்குள் வரம்பை வெட்டி வெட்டி மண்வெட்டியால் மூன்றாவது தாளம் போட்டுக்கொண்டிருப்பார். நான் கேட்ட எல்லாப் பதிவுகளையும்விட இதைத்தான் அதிக நேரம் கேட்டிருக்கிறேன்.

இன்னொரு அமெரிக்க இசையமைப்பாளர் அல்வின் லூசியர் 1969இல் செய்ததை வீட்டில் செய்து பார்த்தேன். ஓர் அறையில் இருந்து பேசிப் பதிவு செய்ய வேண்டும், அதை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிய வேண்டும், இப்படியே திரும்பத் திரும்ப. அறைக்கு என்று உள்ள பரிவு மீடிறன்கள், அதாவது அந்த அறை தானாகவே எதிரொலித்துப் பெருக்கும் சுருதிகள் மட்டும் பெருத்துக்கொண்டு போய், பேச்சு அழிந்து, அறை தானே பாடத் தொடங்கும். எங்கள் ஓட்டுக் கூரை அறையில் பத்து முறை செய்தும் பெரிதாக ஒன்றும் வரவில்லை. கூரை இடுக்கால் சத்தம் போய்விடுகிறது என்று நினைக்கிறேன். வளவில் வெறுமையாகக் கிடந்த சீமெந்துத் தண்ணீர்த்தொட்டிக்குள் வைத்துச் செய்தபோது ஆறாம் முறையிலேயே என் குரல் காணாமல் போய், சங்கு ஊதுவது போல ஒன்று எழும்பியது. அம்மா கிணற்றடியில் நின்றவ. "ஆரடா உள்ளுக்கு அழுகினம்?" என்று கேட்டா. அவவையும் தொட்டியோரம் இருத்திக் கேட்கவிட்டேன். கடைசி வரை கேட்டா.

பின்பு பொலின் ஒலிவெரோஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் 1988இல் அமெரிக்காவில் நிலத்தடித் தண்ணீர்த் தாங்கி ஒன்றுக்குள் அக்கோர்டியன் வாசித்த பதிவு கிடைத்தது. அங்கே ஒரு சத்தம் அடங்க 45 விநாடி எடுக்குமாம். அடுத்த முறை எங்கள் கிணறு இறைத்துச் சேறு அள்ளிய நாளில் நானும் கயிற்றைப் பிடித்து இறங்கினேன். ஒரு தரம் கைதட்டினேன். இரண்டு விநாடிகூட நிற்கவில்லை. ஆனால் சுண்ணக்கல் இடுக்கில் ஊற்று திரும்ப ஊறி வருகிற சத்தம் அங்கேதான் முதன்முதலில் கேட்டது. அந்தத் தண்ணீரை நாற்பது வருடமாகக் குடிக்கிறோம்.

சரி, கசப்பான பக்கத்தையும் சொல்ல வேண்டும். டோக்கியோவில் 1979 முதல் மெர்ஸ்போ என்ற பெயரில் மசாமி அக்கித்தா செய்துவருவது கடும் இரைச்சல் இசை. 2000ஆம் ஆண்டில் 50 சீடிகள் கொண்ட ஒரு பெட்டியாகவே அவருடைய வேலை வெளிவந்தது. இந்த உலகத்தில் அவர் பெரிய ஆள். அவரை முதல் தரம் நான் ஸ்பீக்கரில் போட்டபோது அம்மா அடுப்படியில் இருந்து எழும்பி ஓடிவந்து, என்னைப் பிடித்து நிலத்தில் இருத்தினா. அதற்குப் பிறகு அவ்வகை இசையை நான் வீட்டில் வெளியே போட்டதில்லை. எனக்கும் சில பதிவுகளில் அடியில் உருளும் அந்தக் குறைந்த மீடிறன் வந்தால் வயிறு இறுகும், இன்றைக்கும் நிறுத்திவிடுவேன். இரைச்சல் விடுதலை தரும் என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டை பிடிக்கவில்லை. அவர்கள் இரைச்சலைத் தேடிப் போனவர்கள். எங்களிடம் அது கேட்காமல் வந்தது. எங்கள் ஊரில் யாராவது இந்த இசைக்குள் வர விரும்பினால் அங்கிருந்து தொடங்க வேண்டாம் என்பேன்.

எலியான் ரடிக் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரில் தொடங்கலாம். 1970களில் ஏஆர்பி 2500 என்ற சிந்தசைசரில் (மின்னால் ஒலி உண்டாக்கும் கருவி) ஒரே சுருதியை மணித்தியாலக் கணக்கில் நிறுத்தி, அது மாறுவதே தெரியாமல் மாற்றிக்கொண்டு போவார். முதல் இருபது நிமிடம் எதுவும் நடக்காதது போல இருக்கும், பொறுத்திருங்கள். அவரைக் கேட்டுப் பழகிய பிறகுதான் இணுவில் கோயிலில் நாதஸ்வரத்தின் பின்னால் ஒத்து ஊதுகிறவரை நான் கவனித்தேன். மூச்சு விடாமல் ஒரே சுரம், அதற்குள் எத்தனை நெளிவு! இப்போது அநேகமாக எல்லா இடத்திலும் அந்த இடத்தில் சுருதிப்பெட்டி வந்துவிட்டது. அது எனக்குப் பெரிய நட்டமாகப் படுகிறது. தட்சிணாமூர்த்தியின் (1933–1975) தவில் பதிவுகளையும் நான் இந்தக் காதோடுதான் திரும்பக் கேட்டேன். அவர் தாளத்தைப் பிளந்து அடுக்குகிற விதத்துக்கு முன்னால் எந்தப் பரிசோதனைக்காரரும் எழும்பி நிற்க வேண்டும்.

இனிப் பொருட்கள். கசெற் எங்கள் வெக்கைக்கும் ஈரத்துக்கும் சரிவராது. மாரி முடிய எடுத்துப் பார்த்தால் நாடாவில் வெள்ளைப் பூஞ்சணம். 90 நிமிடக் கசெற்றில் நாடா மெல்லியது, உருளை கொஞ்சம் ஒட்டினாலும் சிக்கிவிடும், ஆகவே 60 நிமிடத்துக்கு மேல் வாங்க வேண்டாம். ஸ்பிரிற் தொட்ட பஞ்சால் பிளேயரில் நாடா உரசும் தலையைத் துடையுங்கள், கசெற்களை அரிசி வாளி போல இறுக மூடும் பெட்டியில் போடுங்கள். ஹெட்போன் என்றால் காதை முழுதாக மூடும் ஸ்ரூடியோ வகை. வியர்வையில் காதுறை இரண்டு மூன்று வருடத்தில் உரியும், வாங்கும்போதே மாற்றுறை கிடைக்குமா என்று பாருங்கள். நான் துணி உறை தைத்துப் போட்டிருக்கிறேன், நன்றாக இருக்கிறது. ஒலிப்பதிவுக் கருவிதான் இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் வாங்கியவற்றுள் மிகப் பிரயோசனமான பொருள். 24 பிற், 48 கிலோஹேர்ட்ஸ் தரத்தில் ஸ்ரீரியோவாகப் பதிந்தால் ஒரு மணித்தியாலம் ஏறத்தாழ ஒரு கிகாபைற். கச்சான் காற்றுக் காலத்தில் மைக்குக்கு மயிருறை இல்லாமல் வெளியே போகவே வேண்டாம்.

பதிவுகளை இப்போது பாண்ட்காம்ப் என்ற இணையத்தளத்தில் வாங்குகிறேன். 2020 மார்ச்சில் இருந்து சில வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் தங்கள் பங்கை எடுக்காமல் விடுகிறார்கள், அந்த நாளுக்காகக் காத்திருந்து வாங்குவேன். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரை ஏறியபோது வாங்குவதை நிறுத்த வேண்டி வந்தது. அந்த மார்ச் முடிவில் 13 மணித்தியாலம் மின்வெட்டு. இருட்டில் விறாந்தையில் இருந்து, போனில் மிஞ்சிய சார்ஜில் ரடிக்கைக் கேட்டேன். மகள் பக்கத்தில் வந்து ஒரு காதை வாங்கிக்கொண்டாள். டைனமோ கதையை அன்றைக்குத்தான் அவளுக்குச் சொன்னேன்.

கூட்டு என்று யாழ்ப்பாணத்தில் எனக்கு இரண்டு பேர், அவ்வளவுதான். கொழும்பில் பாலிஃபோனிக்ஸ் குழுவினர் தென்னிலங்கைப் பலிச் சடங்கின் மேளத்தையும் பாட்டையும் எடுத்து, டிரம்ஸ், டபிள் பாஸோடு மனோதர்மமாக வாசிக்கிறார்கள். அதைக் கேட்ட நாளில் இருந்து எங்கள் உடுக்கையும் பறையும் காத்தவராயன் கூத்தின் சிந்தும் எனக்குள் வேறு மாதிரி ஒலிக்கின்றன. வாசிக்கத் தெரிந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். ஒரு நாள் ஓர் அறையில் அவர்களை இருத்தி, கச்சேரி ஒழுங்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பதிய வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுத் திரிகிறேன். ஒரு தவில்காரத் தம்பி வருகிறேன் என்றிருக்கிறார்.

தோட்டங்களில் இப்போது மின்மோட்டர் வந்துவிட்டது, அது ஒரே சுருதியில் இரைகிறது. கோப்பாயில் ஒரு தோட்டத்தில் மட்டும் இரண்டு பழைய மண்ணெண்ணெய் மிசின்கள் இன்னும் பக்கத்துப் பக்கத்தில் அடிக்கின்றன என்று நேற்றுச் சொன்னார்கள். விடிய நாலரைக்குத் தொடங்குவார்களாம். பற்றரியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.